தினசரி ஓட்டத்துக்கு பிரேக் பேட் வாங்குவது எப்படி: பழைய பேடிலிருந்து ஆரம்பியுங்கள்

கடையில் வண்டியின் பெயரைச் சொன்னால் இரண்டு மூன்று பெட்டிகளை எடுத்து வைப்பார்கள். ஒன்று விலை குறைவு, ஒன்று நடுத்தரம், இன்னொன்றில் ‘செராமிக்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். முதன்முறை வாங்குகிறவர் நடுவில் உள்ளதை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். அந்தத் தேர்வு தப்பாகக்கூட இருக்காது. ஆனால் டிஸ்க் (சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டு) தேய்ந்திருந்தால், காலிப்பரின் (பேடை டிஸ்க்கில் அழுத்தும் கவ்வி) ஸ்லைடு பின் (காலிப்பர் நகர்ந்து செல்லும் கம்பி) இறுகியிருந்தால், பேடின் காது (தகட்டின் ஓரத்து முனை) அரை மி.மீ. கூடுதலாக இருந்தால், எந்தப் பெட்டியை எடுத்திருந்தாலும் கீச்சொலியும் நடுக்கமும் வந்தே தீரும். பழியைப் பேடின் மேல் போடுவோம், அவ்வளவுதான்.

அதனால் பெட்டியைக் கடைசியில் பார்ப்போம். இங்கே சொல்வதெல்லாம் டிஸ்க் பிரேக் உள்ள காருக்கு. பின்சக்கரத்தில் டிரம் இருந்தால் அங்கே தேய்வது பேட் அல்ல, ஷூ. அதைத் தேர்ந்தெடுப்பதும் மாற்றுவதும் வேறு வேலை.

1. மாற்றும் நேரம் வந்துவிட்டதா என்று அளந்து பாருங்கள்

புதிய முன்பேடில் உராய்வுப் பொருள் பெரும்பாலும் 10 முதல் 12 மி.மீ. கனம் இருக்கும். அது 3 மி.மீ.க்கு வந்துவிட்டால் மாற்றிவிடுங்கள். 2 மி.மீ. வரை போகலாம் என்று பல தயாரிப்பாளர்களின் கையேட்டில் இருக்கும். ஆனால் பேட் மெலிய மெலிய வெப்பம் அதைத் தள்ளும் பிஸ்டனுக்கும் பிரேக் ஆயிலுக்கும் எளிதாகப் போய்ச் சேரும். அந்தக் கடைசி ஒரு மி.மீ.யில் மிச்சம் பிடிப்பதில் லாபம் இல்லை.

அளக்கும்போது இரண்டு இடத்தில் ஏமாறுவார்கள். ஒன்று, பின்னால் உள்ள இரும்புத் தகட்டையும் சேர்த்து அளப்பது. தகடு மட்டுமே சுமார் 5 மி.மீ. இருக்கும், சேர்த்து அளந்தால் தேய்ந்த பேடும் பாதி பாக்கி இருப்பதுபோல் தெரியும். இரண்டாவது, வீல் இடுக்கு வழியாக எட்டிப் பார்த்துவிட்டு ‘இன்னும் நிறைய இருக்கிறது’ என்று முடிவுகட்டுவது. அங்கிருந்து தெரிவது வெளிப்பேட் மட்டும்தான். உள்பேட் அதைவிட வேகமாகத் தேய்ந்திருப்பது மிகச் சாதாரணம். வீலைக் கழற்றாமல் சொல்லும் கணக்கை நம்ப வேண்டாம்.

பேடிலேயே எச்சரிக்கையும் வைத்திருப்பார்கள். சிலவற்றில் ஒரு சின்ன இரும்பு நாக்கு இருக்கும்; பேட் தேய்ந்ததும் அது டிஸ்க்கில் உரசிக் கீச்சிடும். சிலவற்றில் வயர் சென்சார். தேய்ந்து வயர் அறுந்ததும் டேஷ்போர்டில் விளக்கு எரியும். பல வண்டிகளில் ஒரு ஆக்சிலுக்கு (முன் அல்லது பின் சக்கர ஜோடிக்கு) ஒரு சென்சார்தான், அதுவும் ஒரு பக்கத்து வீலில் மட்டும். மறுபக்கம் முன்னமே தேய்ந்துபோனாலும் விளக்கு எரியாது.

கீச்சொலி கேட்டால் சில நாட்களுக்குள் மாற்ற ஏற்பாடு செய்யுங்கள். அது ‘கரகர’ என்று அரைக்கும் சத்தமாக மாறிவிட்டால் இரும்பும் இரும்பும் உரசுகிறது என்று அர்த்தம்; அதற்கு மேல் வண்டியை ஓட்டாதீர்கள். இத்தனை கி.மீ.க்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று பொதுக்கணக்கு எதுவும் உதவாது. ஒரே மாடல், ஒரே பேட். ஒருவருக்கு 25,000 கி.மீ.யில் தீரும், இன்னொருவருக்கு 60,000 தாண்டும். 10,000 கி.மீ.க்கு ஒருமுறை வீலைக் கழற்றி அளப்பது ஒன்றே வழி.

இன்னொன்று: பேட் தேயும்போது பிஸ்டன் வெளியே வருவதால் டப்பாவில் பிரேக் ஆயில் மட்டம் மெல்ல இறங்கும். ‘குறைச்சல்’ கோட்டுக்குக் கீழே போகாதவரை உடனே ஊற்றி நிரப்பாதீர்கள். புதுப் பேட் போடப் பிஸ்டனை உள்ளே தள்ளியதும் ஆயில் தானாக மேலே வரும். ஏற்கெனவே நிரப்பியிருந்தால் வழிந்து பெயின்ட்டைத் தின்றுவிடும். பேட் கனமாக இருந்தும் மட்டம் இறங்குகிறதா? அது கசிவு. அதை முதலில் பாருங்கள்.

2. கழற்றிய பேடை வரிசையாக வைத்துப் பாருங்கள்

இதைத்தான் பெரும்பாலானவர்கள் விட்டுவிடுகிறார்கள். கழற்றியதும் பழைய பேட் குப்பைக்கூடைக்குப் போய்விடும். போகவிடாதீர்கள். இடது உள், இடது வெளி, வலது உள், வலது வெளி என்று நான்கையும் தரையில் வரிசையாக வையுங்கள். அடுத்து எதை வாங்க வேண்டும், எதைச் சரி செய்ய வேண்டும் என்று அவையே சொல்லும்.

நான்கும் ஏறக்குறைய ஒரே கனத்தில், மேற்பரப்பு மழமழப்பாக, ஆனால் கண்ணாடி மாதிரி பளபளக்காமல் இருந்தால் எல்லாம் சரி. அதே வகை பேடை மறுபடி போடுங்கள். மாற்றிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

உள்பேட் மட்டும் காகிதமாகித் தேய்ந்து வெளிப்பேட் கனமாக இருந்தால், பிஸ்டன் திரும்பி உள்ளே போகாமல் ஒட்டியிருக்கலாம், அல்லது ஸ்லைடு பின் இறுகி காலிப்பர் நகராமல் போயிருக்கலாம். ஒரே பேட் ஒரு முனையில் கனமாகவும் மறுமுனையில் மெலிந்தும் இருந்தாலும் ஸ்லைடு பின்னையும், பேடின் காது உட்காரும் கிளிப்பையும்தான் சந்தேகப்பட வேண்டும். இடதுக்கும் வலதுக்கும் பெரிய வித்தியாசம் என்றால் ஒரு பக்கத்து காலிப்பரிலோ பிரேக் ஹோஸிலோ (ஆயில் போகும் ரப்பர் குழாய்) கோளாறு. இந்த நிலையில் உலகத்திலேயே விலையுயர்ந்த பேடைப் போட்டாலும் அதே மாதிரிதான் தேயும்.

மேற்பரப்பில் வெடிப்பு, ஓரம் உதிர்ந்து சாம்பல் நிறம் பாய்ந்திருத்தல், டிஸ்க்கில் நீலத் திட்டு: இவை அதிக வெப்பத்தின் அடையாளம். உங்கள் ஓட்டத்துக்கு அந்தப் பேட் போதவில்லை, அல்லது பிரேக் விடாமல் உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. எது என்று கண்டுபிடிக்க எளிய வழி: நெடுஞ்சாலையில் பிரேக்கை அதிகம் தொடாமல் கொஞ்ச தூரம் ஓட்டி, மெல்ல நிறுத்தி, நான்கு வீல் அருகிலும் கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனலடித்தால் அங்கே உரசுகிறது.

மேற்பரப்பு கண்ணாடியாகப் பளபளத்தால் அது பெரும்பாலும் கெட்டித்துப்போன பேட். அதிக வெப்பத்திலும் இப்படி ஆகும். எப்போதும் மிக மெதுவாகவே பிரேக் பிடிப்பவர்களுக்கும் ஆகும். தகட்டுக்கும் உராய்வுப் பொருளுக்கும் நடுவே துரு புகுந்து விளிம்பு தூக்கியிருந்தால், ஈரமும் குறைந்த உபயோகமும் காரணம். மின்சார வண்டியிலும் ஹைப்ரிட்டிலும் மோட்டாரே வேகத்தைக் குறைத்துவிடுவதால் பேட் சும்மா இருந்தே துருப்பிடிக்கும். அவற்றுக்கு நீடித்த ஆயுளைவிடத் துருப்பிடிக்காத பூச்சுள்ள தகடு முக்கியம்.

3. எண்களைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்

வண்டியின் பெயரும் வருடமும் போதாது. ஒரே மாடலில் இன்ஜின் மாறினால் டிஸ்க்கின் அளவு மாறும்; ஒரே வருடத்தின் நடுவில் காலிப்பர் கம்பெனி மாறியிருக்கும். கடைக்குப் போகும் முன் இவற்றைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்: பதிவுச் சான்றில் உள்ள 17 இலக்கச் சேஸிஸ் எண், கையேட்டில் பிரேக் பற்றிய பக்கம், பழைய பேடின் பின்தகட்டில் உள்ள எல்லா எழுத்தும், சென்சார் இருந்தால் அதன் பிளக்கின் வடிவம்.

பின்தகட்டு எண்களில் இரண்டு மிகவும் பயன்படும். அமெரிக்க வழக்கப்படி எஃப்எம்எஸ்ஐ எண், ‘டி’ என்ற ஆங்கில எழுத்தில் ஆரம்பிக்கும். ஐரோப்பிய வழக்கப்படி டபிள்யூவிஏ எண், ஐந்து இலக்கம். இரண்டுமே பேடின் வடிவத்தைக் குறிப்பவை, தரத்தை அல்ல. எந்தத் தயாரிப்பாளரின் பட்டியலிலும் அந்த எண்ணை வைத்துத் தேடலாம். ‘உங்கள் வண்டிக்கு இது பொருந்தும்’ என்று கடைக்காரர் வாயால் சொல்வதைவிட நம்பகமானது.

கடையிலேயே பழைய பேடைப் புதியதன் மேல் வைத்துப் பாருங்கள். இரு பக்கக் காதுகள், தகட்டின் கனம், துளைகள், முளைகள், எல்லாம் ஒத்துப்போக வேண்டும். காது கொஞ்சம் பெரிதாக இருந்தால் ‘ஃபைல் போட்டுத் தேய்த்துக்கொள்ளலாம்’ என்பார்கள். வாங்காதீர்கள். தேய்த்த காது கிளிப்பில் ஆடும், சத்தம் போடும். அதிலுள்ள பூச்சு போனதால் துருப்பிடித்து அங்கேயே இறுகும்.

4. உங்கள் ஓட்டத்துக்கு எந்தப் பொருள்

பேட் தேர்வில் கேட்க வேண்டிய கேள்வி ‘எது நல்லது’ என்பதல்ல, ‘என் பிரேக் எவ்வளவு சூடாகும்’ என்பதுதான்.

ஆர்கானிக் என்று விற்பது நார், ரப்பர், பிசின் கலந்த கலவை. இப்போது வருபவை ஆஸ்பெஸ்டாஸ் இல்லாதவை. சத்தம் குறைவு, டிஸ்க்கை அதிகம் தின்னாது, முதல் மிதியிலிருந்தே பிடிக்கும். சீக்கிரம் தேயும், அதிகச் சூட்டில் பிடி தளரும். ஊருக்குள் வேலைக்குப் போய்வரும் சிறிய, நடுத்தரக் காருக்கு இதுவே போதும்.

செமி மெட்டாலிக்கில் எடையில் சுமார் 30 முதல் 65 சதவீதம் வரை உலோகம். சூடு தாங்கும், வெப்பத்தைச் சீக்கிரம் கடத்தும். மலைச்சாலை, முழுச் சுமை, இழுவை வண்டி, கனமான எஸ்யூவி என்றால் இதைப் பாருங்கள். பதிலுக்குச் சத்தமும் கருப்புத் தூசியும் கூடும். டிஸ்க்கும் சற்று வேகமாகத் தேயும்.

செராமிக் சத்தமில்லாதது, தூசி வெளிர்நிறமாக இருப்பதால் வீலில் தெரியாது, நீண்ட நாள் வரும். விலை அதிகம். கனமான சுமையோடு நீண்ட இறக்கத்தில் செமி மெட்டாலிக் அளவுக்கு இது தாங்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ‘செராமிக் போட்டால் பிரேக் கூடும்’ என்பது விற்பனைப் பேச்சு. கூடுவது அமைதியும் வீலின் சுத்தமும்தான். அதற்காகப் பணம் கொடுக்க விருப்பமிருந்தால் தாராளமாகக் கொடுங்கள்.

நடுவில் லோ மெட்டாலிக் என்று ஒன்று, 10 முதல் 30 சதவீதம் உலோகத்தோடு. ஐரோப்பியக் கார்களில் கம்பெனி பேடே பெரும்பாலும் இதுதான். பிடி அருமை, முன்வீல் எப்போதும் கருப்பு. அந்தத் தூசிக்குப் பயந்து வேறு வகைக்கு மாறுகிறவர்கள் பெடலின் பழகிய உணர்வும் மாறும் என்பதைத் தெரிந்துகொண்டு மாறட்டும்.

ரேஸ் பேடைத் தினசரி வண்டியில் போடாதீர்கள். நன்றாகச் சூடான பிறகுதான் அது சரியாகப் பிடிக்கும். காலையில் தெருமுனையில் ஒரு குழந்தை குறுக்கே வந்தால் உங்கள் பேட் குளிர்ந்துதான் இருக்கும்.

என் கருத்து: எதிலும் குழப்பமென்றால், வண்டி கம்பெனியிலிருந்து வந்தபோது என்ன வகை இருந்ததோ அதையே போடுங்கள். முன்பின் பிரேக் சமநிலை, ஏபிஎஸ், பெடல் உணர்வு எல்லாம் அந்த உராய்வை வைத்தே அமைக்கப்பட்டவை. முன்னால் மட்டும் மிக அதிகப் பிடியுள்ள பேடைப் போட்டால் பின்பிரேக் தன் பங்கைச் செய்யாமல் முன்பிரேக் அத்தனையும் சுமக்கும்.

5. பெட்டியிலும் தகட்டிலும் படிக்க வேண்டியவை

பேடின் விளிம்பில் இரண்டு ஆங்கில எழுத்துகள் சேர்ந்து நிற்கும். முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் உராய்வு, இரண்டாவது அதிகச் சூட்டில். ‘இ’ என்றால் உராய்வுக் கெழு 0.25 முதல் 0.35, ‘எஃப்’ 0.35 முதல் 0.45, ‘ஜி’ 0.45 முதல் 0.55. தினசரி ஓட்டத்துக்கு ‘எஃப்எஃப்’ தாராளம். முதல் எழுத்தைவிட இரண்டாவது கீழே இருந்தால், உதாரணமாக ‘எஃப்இ’, சூடானதும் பிடி குறையும் என்று பொருள். ஆனால் இது ஒரு சிறு துண்டை ஆய்வகத்தில் வைத்து எடுத்த அளவு. ஆயுளையோ சத்தத்தையோ இது சொல்லாது. பெரிய எழுத்து வாங்கினால் வண்டி சீக்கிரம் நிற்கும் என்பதும் இல்லை. டயர் தரையில் வழுக்கும் எல்லையைப் பேட் மாற்றாது.

இதைவிட நான் மதிப்பது வட்டத்துக்குள் ‘இ’ என்ற ஆங்கில எழுத்தும் ஒரு எண்ணும், பக்கத்தில் 90ஆர் என்று தொடங்கும் வரிசையும். எண் ஒப்புதல் தந்த நாட்டைக் குறிக்கும்: 1 ஜெர்மனி, 4 நெதர்லாந்து, 11 பிரிட்டன். இசிஇ ஆர்90 என்ற அந்த ஐ.நா. வாகன விதிப்படி, மாற்றுப் பேடின் செயல்பாடு அசல் பேடிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது. சீல் உடையாத பெட்டியில் ஒரு ஆக்சிலுக்கான முழு செட்டாகத்தான் விற்கவும் வேண்டும். பிரித்து இரண்டு பேடை மட்டும் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள்.

போலியைக் கண்டுபிடிக்கப் பெட்டியைவிடப் பேடைப் பாருங்கள். தகட்டின் ஓரம் பிசிறடித்திருப்பது, உராய்வுப் பொருளுக்கும் தகட்டுக்கும் நடுவே நகம் போகும் இடைவெளி, ஒரே செட்டில் இரண்டு பேடுக்கு இரண்டு நிறம், தகட்டில் பேட்ச் எண்ணே இல்லாதது. இதில் ஒன்று இருந்தாலும் திருப்பிக் கொடுங்கள்.

6. டிஸ்க்கைப் பார்க்காமல் பேட் வாங்காதீர்கள்

டிஸ்க்கின் ஓரத்திலோ நடுமூடியிலோ குறைந்தபட்சக் கனம் பொறிக்கப்பட்டிருக்கும். மைக்ரோமீட்டரால் நான்கைந்து இடத்தில் அளக்கச் சொல்லுங்கள். வெளி விளிம்பில் தேயாத வரம்பு நிற்கும். சாதாரண வெர்னியரை அதன் மேல் வைத்து அளந்தால் கணக்குத் தப்பும். இப்போதே குறைந்தபட்சத்துக்குப் பக்கத்தில் இருந்தால், அடுத்த பேட் முடிவதற்குள் அதைத் தாண்டிவிடும். இப்போதே மாற்றுவது மலிவு, கூலி ஒருமுறையோடு போகும்.

பெடல் அதிர்ந்தால் ‘டிஸ்க் கோணிவிட்டது’ என்று சொல்லி லேத்தில் கடையச் சொல்வார்கள். பல நேரம் டிஸ்க் கோணியிருக்காது. ஹப்பில் (டிஸ்க் உட்காரும் சக்கர மையம்) துருவை நீக்காமல் மாட்டியதால் ஆடும், அல்லது பேடின் பொருள் திட்டுத்திட்டாக ஒட்டியிருக்கும். ஹப் முகத்தைக் கம்பித் தூரிகையால் சுத்தம் செய்து, டயல் கேஜில் ஆட்டம் 0.05 மி.மீ.க்குள் வருகிறதா என்று பார்த்த பிறகு கடைவதைப் பற்றிப் பேசலாம்.

பழைய டிஸ்க்கிலேயே வேறு வகைப் பேட் போடுவதானால், முந்தைய பேட் விட்ட படலத்தை எமரித் தாளால் தேய்த்து, பிரேக் கிளீனரால் துடைத்துவிடுங்கள்.

7. செலவும் நேரமும்

பில்லைத் தனித்தனி வரியாகக் கேளுங்கள்: பேட் செட், கிளிப் செட், சென்சார், டிஸ்க், பிரேக் ஆயில், கூலி. விலை குறைந்த பெட்டியில் கிளிப்பும் ஷிம்மும் (சத்தத்தைக் குறைக்கப் பேடின் பின்னால் வைக்கும் மெல்லிய தகடு) இருக்காது; தனியே வாங்கினால் நடுத்தரப் பெட்டியின் விலையே வந்துவிடும். வயர் சென்சார் ஒருமுறை அறுந்தால் புதிதுதான் போட வேண்டும்; விளக்கு எரிவதற்கு முன்பே பேடை மாற்றினால் பழையதையே கவனமாகக் கழற்றி மாட்டலாம்.

ஒரு ஆக்சிலுக்குப் பேட் மாற்ற ஒரு மணி நேரம். டிஸ்க்கும் சேர்ந்தால் இரண்டு. ஸ்லைடு பின் இறுகியிருந்தால் அரைநாள். சாமானை வாங்கிவிட்டு வண்டியை விடுங்கள். வீலைக் கழற்றி ஜாக்கில் நிற்கும்போது பேட் தேடினால், அன்று கையிருப்பில் எது இருக்கிறதோ அதுதான் உங்கள் பேட்.

8. மாட்டும்போது பக்கத்தில் நின்று பாருங்கள்

ஒரு ஆக்சிலின் நான்கு பேடும் ஒன்றாகவே மாற வேண்டும். தூசியைக் காற்றடித்து ஊதக் கூடாது; அது நுரையீரலுக்குள் போகும். ஸ்லைடு பின்னைக் கழற்றித் துடைத்து, ரப்பருக்கு ஆகும் சிலிக்கான் கிரீஸ் தடவ வேண்டும். சாதாரண வீல் பேரிங் கிரீஸ் ரப்பரை ஊதவைத்து, நாம் சரி செய்ய வந்த இறுக்கத்தையே உண்டாக்கும். காலிப்பரை ஹோஸில் தொங்கவிடக் கூடாது. கம்பியால் கட்டி வைக்க வேண்டும்.

ஹேண்ட் பிரேக்கும் சேர்ந்திருக்கும் பின்சக்கரக் காலிப்பரில் பல வகைகளில் பிஸ்டனைத் திருகித்தான் உள்ளே அனுப்ப முடியும். அழுத்தினால் உள்ளே உடையும். எலக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக் என்றால் முதலில் சர்வீஸ் மோடுக்குக் கொண்டுபோக வேண்டும். அந்த வசதி அங்கே இருக்கிறதா என்று வண்டியை விடுவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

சென்சார் அல்லது நாக்கு உள்ள பேட் எந்தப் பக்கம், உள்ளா வெளியா என்பது தாளில் படமாக இருக்கும். அம்புக்குறி இருந்தால் வண்டி முன்னே போகும்போது டிஸ்க் சுழலும் திசையைக் காட்ட வேண்டும்.

வண்டியை நகர்த்தும் முன், நின்ற இடத்திலேயே பெடல் கெட்டியாகும்வரை பல முறை மிதியுங்கள். பிஸ்டன் உள்ளே தள்ளப்பட்டிருப்பதால் முதல் இரண்டு மூன்று மிதி வெறுமனே தரைவரை போகும். ஒர்க்‌ஷாப் வாசலிலேயே நடக்கும் மோதல்களுக்கு இதுதான் காரணம். பிரேக் ஆயில் மாற்றி இரண்டு வருடம் ஆகியிருந்தால் இதோடு சேர்த்து மாற்றிவிடுங்கள்; அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், டாட் 4 ஆயிலின் கொதிநிலைக்கான தர வரம்பே புதிதில் 230 டிகிரி, ஈரம் ஏறிய பிறகு 155.

9. முதல் 300 கி.மீ.

பேட்டோடு வந்த தாளில் புதுப் பேடை டிஸ்க்கோடு பழக்கும் முறை இருந்தால் அதன்படி செய்யுங்கள். இல்லாவிட்டால், காலியான சாலையில் 50 கி.மீ. வேகத்திலிருந்து 10க்கு, நடுத்தர அழுத்தத்தில், சுமார் பத்து முறை குறையுங்கள். ஒவ்வொன்றுக்கும் நடுவே அரை நிமிடம் ஓட்டம். முழுதாக நிறுத்தாதீர்கள், சூடான பேட் ஒரே இடத்தில் அழுந்தி நின்றால் அங்கே படலம் தடித்து, பின்னால் அதிர்வு வரும். கடைசியில் பத்து நிமிடம் பிரேக்கைத் தொடாமல் ஓட்டி ஆறவிடுங்கள்.

இந்தக் காலத்தில் லேசான வாடையும் பிடியில் சற்றுக் குறைவும் இருக்கலாம். முன்வண்டியோடு இடைவெளியைக் கூட்டுங்கள். 300 கி.மீ. தாண்டியும் கீச்சொலி நின்றபாடில்லை என்றால் கிளிப், ஷிம், கிரீஸ் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுத்தால் காத்திருக்காமல் அன்றே திருப்பிக் கொண்டுபோங்கள். வீல் நட்டுகளைக் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரென்ச்சில் மறுபடி முறுக்குவதும், பெட்டியின் லேபிளை வெட்டி பில்லோடு வண்டியிலேயே வைப்பதும், அதன் பின்பக்கம் அன்றைய கி.மீ.யையும் நான்கு பேடின் கனத்தையும் குறித்துக்கொள்வதும் இந்த வேலையில் பாக்கி.